பதினேழாம் நம்பர் டோக்கன்

என் கண்ணு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் சித்தியும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அங்கே குளிரில் நடுங்காமல் சுகமாக இருக்க வேண்டும். குழாய்க்காரர் ஒருவழியாக வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தார், இப்போது குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

புதன்கிழமை சித்தி விடாப்பிடியாக என்னைப் பழைய தலைமைச் செயலகத்தைச் சுற்றிப் பார்க்க இழுத்துப் போனாள். நூற்றைம்பது வருடக் கட்டடம், இன்றும் அரசாங்கம் அங்கேதான் நடக்கிறது, ஒரு பக்கம் நம்மைப் போல வேடிக்கை பார்ப்பவர்கள், மறுபக்கம் கோப்புகளோடு ஓடுபவர்கள். சட்டசபைக் கூடத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்தால், சுற்றிக்காட்டிய பெண்ணின் மஞ்சள் கொடியையும் காணோம், சித்தியையும் காணோம். மூன்று மாடி ஏறினேன், எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அது மனுக் கொடுக்க வந்தவர்களின் பெஞ்சு என்று எனக்கென்ன தெரியும்? பியூன் பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் திணித்து, என் முறை வந்ததும் நான் வாய் திறப்பதற்குள் உள்ளே அனுப்பிவிட்டார்.

உள்ளே மனு வாங்க உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும், உங்க குறை என்னம்மா என்று அவள் கேட்ட விதத்தில் வழி தவறி வந்ததில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகளுக்கு முதல் பிரசவம், வா வா என்கிறாள், முழங்கால் வலி என்று நான் புளுகிக்கொண்டிருக்கிறேன், கால் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது, அவள் அப்பா இருந்தவரை அவர் பின்னாலேயே போய்ப் பழகியவளுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம் என்றேன். ஆமாம் கண்ணு, அதுதான் உண்மை, கோபித்துக்கொள்ளாதே.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் நானே இங்க வழி தெரியாம சுத்தியிருக்கேம்மா. வாயிருக்கில்ல, கேட்டுக்கிட்டே போயிடலாம்" என்றாள். துணைக்குப் பியூனை அனுப்பட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். நாலு பேரிடம் கேட்டேன், இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்கள், ஆனாலும் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சித்தி காவலரிடம் என் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள், குள்ளம், முழங்கால் வலி, வேகமாக நடக்க மாட்டாள் என்று. பின்னாலிருந்து தோளைத் தட்டினேன், அலறிவிட்டாள்.

கனமாக எதையும் தூக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. நீயும் பிள்ளையும் நூறு வயது வாழ என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையிடம் டிக்கெட் எடுக்கச் சொல், எனக்கு மட்டும், துணைக்கு யாரும் வேண்டாம். நீ விமான நிலைய வாசலில் நின்றால் போதும், அதுவரை நானே கேட்டுக்கேட்டு வந்துவிடுவேன். டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், கைப்பையிலேயே இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

உன்னிடம் வரப்போகிற,
அம்மா