அஃப்ராவுக்கு வைத்த சோதனை

2025 ஜனவரி 21, செவ்வாய்

சைதாப்பேட்டைப் பள்ளியில் இன்றும் அதே கூத்து. அமைதியான அறை கேட்டேன். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். பாத்திரம் உருளுகிற சத்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் சோதனை! நான் சொல்லும் எண்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். அஃப்ரா என்றொரு பெண் மூன்று எண்ணிலேயே நின்றுவிட்டாள். கண் சொக்கியது.

“தூங்கலியா?”

“வீட்டுக்காரரு கரண்ட்ட கட் பண்ணிட்டாரு மிஸ். காலி பண்ணச் சொல்றாரு. ஒரே கொசு.”

வறுமையும் மன அழுத்தமும் படிப்பை என்ன செய்கின்றன — என் ஆய்வுத் தலைப்பே எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

பிப்ரவரி 4

என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் மேடம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மதிப்பெண்களைப் பெயரோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டார். பெயர் வெளியே போகாது என்று வீடு வீடாகச் சத்தியம் பண்ணினது நான்! கேட்டால், “அனுமதி குடுத்தவங்களுக்கு நன்றின்னு ஒண்ணு வேண்டாமா, ஐரின்?”

பிப்ரவரி 6

தலைமையாசிரியர் வில்லியம் சார், அஃப்ராவின் அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவளால் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடுமாம். ஆதாரம்? நான் வைத்த சோதனை. ஆண்டவரே! எதுக்கு ஆராய்ச்சி பண்றேன், இவங்க எதுக்கு எடுத்துக்கறாங்க?

பிப்ரவரி 7

அஃப்ராவின் அம்மா கமர் ஜஹான் என்னை உள்ளே விடவில்லை. “நீ வர்றதுக்கு முன்னாடி எம்பொண்ணு ஒழுங்காத்தான படிச்சிக்கினு இருந்தா? இப்ப இன்னாத்துக்கு வந்துகீற?”

வாசலோடு திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 12

மேடம்: “நம்ம வேலை அளக்கறது. தலையிடறது இல்ல.”

அளந்ததை வச்சு ஒரு பொண்ணைத் துரத்தறாங்களே — அது தலையீடு இல்லையா?

நேரே வில்லியம் சாரிடம் போனேன். “அந்தச் சோதனை அவ தூங்காததைத்தான் காட்டுது சார், அறிவை இல்ல. டி.சி. குடுத்தீங்கன்னா கல்வி அலுவலகத்துல போய் நிப்பேன்.”

“உங்க பர்மிஷன் கேன்சல். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

“சரி சார். அஃப்ரா?”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இங்கயே பரீட்சை எழுதட்டும்.”

பிப்ரவரி 13

அனுமதி போனதால் இத்தனை நாள் சேர்த்த தரவு மொத்தமும் போச்சு. வேறு பள்ளி தேடணும். மேடம் போனை எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சைதாப்பேட்டை ஸ்டேஷன். தாம்பரம் பக்கமிருந்து வந்த ரயிலிலிருந்து அதே பள்ளிச் சீருடையில் அஃப்ரா இறங்கினாள். வீடு எங்கோ தள்ளிக் கிடைத்திருக்கிறது போல. கையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். சிரித்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று படியேறிவிட்டாள்.

போகட்டும். பள்ளி மணியடிக்கிற நேரம்.