நாலு மணி நேர சார்ஜ்

அன்புள்ள அம்மா,

உனக்கும் அப்பாவுக்கும் நமஸ்காரம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே. தீக்ஷாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நாங்கள் சௌக்கியம்.

சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனேன். அவர் ஆபீஸ் வேலையாக டல்லஸ் போயிருக்கிறார்; நானும் குழந்தையும்தான். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. எலக்ட்ரிக் காரை முந்தின நாள் சார்ஜில் போட மறந்துவிட்டேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், குழந்தைக்காக ஹீட்டர் வேறு. திரும்பும்போது வீடு வரை வராது என்று தெரிந்துவிட்டது. கோயில் வாசலில் திருதிருவென்று விழித்த என்னை, முன்பின் தெரியாத ருக்மிணி ஆன்ட்டி பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கராஜில் சாதாரண பிளக்தான் இருந்தது.

“நாலு மணி நேரமாவது ஆகும் ஆன்ட்டி, ஸாரி” என்றேன்.

“பெட்ரோல் வண்டின்னா அஞ்சு நிமிஷத்துல ஓடிருப்ப. கொழந்தைய குடுத்துட்டுப் போய்ப் படு. ஒன் கண்ணப் பாரு!”

ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கார் மெல்ல ரீங்கரித்தது. எங்கேயோ தீக்ஷா சிரித்தாள். என் கைகால்களிலும் ஏதோ சொட்டுச் சொட்டாக ஏறுவது போலிருந்தது. அவள் பிறந்த பிறகு ஒரே மூச்சாகத் தூங்கியது அன்றுதான். தாளிக்கும் வாசனையில் விழித்து, நம் வீடென்றே நினைத்து “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

“இதோ வரேன்டா” என்றார் ஆன்ட்டி.

அடுத்த பார்சலில் சுக்குப்பொடியும் நார்த்தங்காயும் அனுப்பு. நார்த்தங்காய் இரண்டு பொட்டலம், ஒன்று ஆன்ட்டிக்கு. ஒவ்வொரு தடவையும் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று போய் நிற்க முடியாதே.

தீக்ஷா சிணுங்குகிறாள். முடிக்கிறேன்.

உன் மைதிலி