கோட்டையில் ஒரு சமையலறை

கே.கே. நகர், திருச்சி
22-4-1985

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

நான் நலம். உன் அப்பாவும், அக்கா விட்டுச் சென்ற குழந்தையும் நலம்தானா? உன் அக்கா காளியாயியை நான் பார்த்ததில்லை. ஆனால் நவம்பரில் பதினைந்து நாள் லீவு முடிந்து நீ ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது இருந்த முகம் மறக்கவில்லை. ஸ்டவ் வெடித்து அக்கா போய்விட்டாள் என்றாய். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். விடுதி மாடியில் நீங்கள் ஆடிய விளையாட்டைப் பற்றி முதல்வர் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார். கோதையின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பெட்டியாமே. ஒருத்தி கதை நடத்துவாள், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கதை நடத்தியவள் நீ.

கோதையின் அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து நேரே வந்துவிட்டார். "பெருமாளுக்குத் தளிகை பண்ற ஆத்துல பொறந்த கொழந்தை, அடுப்பைக் கண்டா அலர்றா. மூணு நாளா சாதம் எறங்கலை. என்னத்தைச் சொல்லிக் குடுக்கறேள் இங்க?" என்று முதல்வர் அறையில் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிஸ்டர் ஒருவரோ, இந்த விளையாட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பிசாசு பிடிக்கிறது என்று ஒரு பத்திரிகைத் துண்டை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருக்கிறார். பிசாசை நான் நம்பவில்லை. கோதை சாப்பிடாததை நம்புகிறேன்.

நீ நடத்திய கதையில் வரும் கோட்டையில் ஒரு சமையலறை உண்டாம். அதில் ஒரு பெண் எரிகிறாளாம். எதற்கு அது? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
எம். ரோசரி


உப்பிலியபுரம்
30-4-1985

அன்புள்ள ரோசரி மிஸ்ஸுக்கு,

பொன்னுத்தாய் வணக்கம். நல்லவேளை, தபால்காரர் வந்தபோது நான் வாசலில் நின்றேன். கடிதம் பிரிக்காமல் கைக்குக் கிடைத்தது. இனி கீழே எழுதியிருக்கும் விலாசத்துக்கு அனுப்புங்கள். லூர்துராணி அக்கா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னிடம் கொடுத்துவிடுவார்.

ஆட ஆரம்பிக்கும் முன்பே எல்லோரிடமும் சொன்னேன் மிஸ். பிடிக்காத இடம் வந்தால் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம், அங்கிருந்து நகர்ந்துவிடுவோம் என்று. கோதை தூக்கவில்லை. அவள் அழுதது தீயைப் பார்த்து அல்ல. முதல் தடவை அந்தக் கதவைத் தாண்டும்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. "அது நம்ம வேலை இல்லைடி, பொதையல் மாடியில இருக்கு" என்றவள் அவள்தான். திரும்பி வரும்போது திறந்தார்கள். அப்போதுதான் அழுதாள்.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் வெட்டும் குத்தும் ரத்தமும் நிறைய இருக்கிறது. சிரித்துக்கொண்டே ஆடினோம். அதற்கு ஒருவரும் புகார் சொல்லவில்லை. சமையலறைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

அறிக்கை எழுதுவதற்கு முன் நீங்களும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். தபாலிலேயே ஆடலாம். பகடை கோதையிடம் இருக்கிறது. நான் புளியங்கொட்டை ஆறு எடுத்து ஒரு பக்கம் வெள்ளையாக உரசி வைத்திருக்கிறேன். வெள்ளை விழுந்தால் பலிக்கும், கறுப்பு விழுந்தால் பலிக்காது.

நீங்கள் ஒரு வழிப்போக்கர். கோட்டைக்குள் பெரிய வீடு. முற்றத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை தனியாக நிற்கிறது. எதிரே சமையலறை. கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருக்கிறது. உள்ளே தட்டும் சத்தம். என்ன செய்கிறீர்கள்?

தங்கள் மாணவி,
வீ. பொன்னுத்தாய்


கே.கே. நகர்
7-5-1985

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

பெற்றோர் அறியாமல் வேறு விலாசத்துக்கு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பிடிக்கவும் இல்லை. நீ கேட்டதற்காக இம்முறை எழுதுகிறேன்.

கோதையைப் பற்றி நீ சொன்னது யோசிக்க வைத்தது. ஆனாலும் ஒப்பவில்லை. மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுக்கிறார்கள் என்பதற்காக அதை வீட்டுக் கூடத்தில் செய்ய முடியாது. கை தூக்கலாம் என்றாயே, நாலு தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் கை தூக்குவாள்? என் வகுப்பில் புரியவில்லை என்று கை தூக்கியவர்களை இருபத்திரண்டு வருஷத்தில் விரல் விட்டு எண்ணலாம்.

சரி, உன் ஆட்டத்துக்கு வருகிறேன். குழந்தையிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன். குழந்தையைச் சாட்சியாக்குவது தவறு. கதவையும் தொட மாட்டேன், அது பிறர் வீட்டுக் கதவு. வீட்டுக்காரரைத் தேடிப் போய் விசாரிப்பேன். பொறுப்புள்ளவர் எவரும் இதைத்தான் செய்வார்.

அன்புடன்,
எம். ரோசரி


உப்பிலியபுரம்
15-5-1985

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

வீட்டுக்காரர் உங்களை மரியாதையாக உட்கார வைத்தார். "உள்ள ஒண்ணுமில்லீங்க, வெறகு வெடிக்குது" என்றார். ஆறு கொட்டையும் கறுப்பாக விழுந்தன. நீங்கள் அவரை நம்பிவிட்டீர்கள். பேசி முடிக்கும்போது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

குழந்தையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்: "அம்மா கதவத் தட்டுச்சு. அப்பா தொறக்கல."

கோட்டையில் அடுத்த செய்தி. வீட்டுக்காரருக்கு மறுபடி கல்யாணம். குழந்தையை வளர்க்க ஆள் வேண்டும் என்று இறந்தவளின் தங்கையைக் கேட்கிறார்கள்.

இங்கேயும் அதே பேச்சுதான் மிஸ். அக்கா போனதிலிருந்து அவள் புருஷன் பிச்சமுத்து மாமா குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அப்பாவின் காடும் கிணறும் அவர் பொறுப்பில். ஆனியில் என்னை அவருக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கடைசி வருஷத்தை முடிக்க வேண்டும். அக்கா செத்த அந்த வீட்டுக்கு நான் போகக் கூடாது. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் அடுத்து என்ன செய்கிறீர்கள்?

பொன்னுத்தாய்


கே.கே. நகர்
22-5-1985

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை வாசித்தேன். மூன்று வயதுக் குழந்தை சொல்வதை வைத்து ஒரு மனிதரைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. துக்கம் எத்தனையோ காட்சிகளைக் காட்டும். ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும், கேட்க வேண்டியவர் உன் அப்பா. புளியங்கொட்டை அல்ல.

விளையாட்டைத் தடை செய்ய வேண்டியதில்லை, அந்த ஓர் அறையை மட்டும் நீக்கினால் போதும் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும்.

உன் அப்பாவுக்கும் நேற்று ரிஜிஸ்டர் தபாலில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். கதவு வெளியே தாழிடப்பட்டிருந்ததாக நீ நினைப்பது, குழந்தை சொன்னது, இந்தக் கல்யாணம் உனக்கு அச்சமாக இருப்பது, படிப்பை முடிக்க விடுமாறு என் வேண்டுகோள், எல்லாவற்றையும் பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறேன். பெற்ற மனம் புரிந்துகொள்ளும். தைரியமாக இரு.

அன்புடன்,
எம். ரோசரி


உப்பிலியபுரம்
2-6-1985

மிஸ்,

அப்பாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வாசித்துச் சொல்வது பிச்சமுத்து மாமா. இதை உங்களுக்கு முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

மாட்டுக்கொட்டகை பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, முதலில் வாய்க்குள்ளேயே வாசித்தார். நாலு பக்கமும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"என்னாப்பா இம்புட்டு நேரம்? என்ன போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"நல்ல சேதிதான் மாமா. ஒங்க பொண்ணு கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா அக்கா போனதுலேருந்து மனசு சரியில்ல, கண்டதையும் நெனச்சுக்கிது. இனிமே படிப்பு வேணாம், காலாகாலத்துல கல்யாணத்தப் பண்ணி வச்சிருங்கன்னு எழுதியிருக்காங்க."

"டீச்சரம்மாவே சொல்லிட்டாங்களா? அப்பச் சரி."

"குடுங்க மாமா, நான் வாசிக்கிறேன்" என்று கையை நீட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒனக்கெதுக்கு புள்ள? ஒங்கப்பாவுக்கு வந்தது."

மறுநாள் அப்பாவைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். "டீச்சரம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு. எம் புள்ள என்னென்னமோ நெனைக்கிது" என்றார்.

அன்று மாமா தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார். "நல்லாக் கதை கட்டுவியாமே. கதவு, தாப்பாளு எல்லாம் வருதாமே. நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கும் ஒண்ணு சொல்லு." கோபமே இல்லை மிஸ். சிரித்துக்கொண்டு சொன்னார்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. விளையாட்டில் செய்ததையே செய்தீர்கள்.

பொன்னுத்தாய்


கே.கே. நகர்
7-6-1985

பொன்னுத்தாய்,

என் தவறு. அதை எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை.

வரும் வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடு. லூர்துராணி கூட வந்து ஏற்றிவிடுவாள், பேசிவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீ இருபது வயதுப் பெண். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அழைத்துப்போக முடியாது என்று என் தம்பி அற்புதசாமி சொல்கிறான். அவன் வக்கீல். ஆனால் போலீஸில் கொடுக்க இது போதாது, குழந்தையின் பேச்சும் விளையாட்டுக் காகிதமும் நிற்காது என்கிறான். முதலில் நீ வந்துவிடு.

சமையலறையை நீக்கச் சொன்ன அறிக்கையை முதல்வரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.

ரோசரி


உப்பிலியபுரம்
17-6-1985

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

வெள்ளிக்கிழமை வெயிலில் நெடுநேரம் நின்றிருப்பீர்கள். மன்னியுங்கள்.

நான் பஸ் நிற்கும் இடம் வரை வந்தேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மாமா சைக்கிளில் வந்தார். சத்தம் போடவில்லை. குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார். "போறதுன்னாப் போ புள்ள. யாரு தடுத்தா? பாப்பா எம் பாப்பா" என்றார். லூர்துராணி அக்கா கையைப் பிடித்து இழுத்தார். பஸ் போய்விட்டது.

பாப்பா இப்போது தினமும் அதைச் சொல்கிறாள் மிஸ். "அம்மா தட்டுச்சு" என்று, யார் முன்னால் வேண்டுமானாலும். நேற்று மாமா முன்னாலும் சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அவரிடம் தனியாக விட்டுவிட்டு நான் பி.ஏ. படிக்க முடியாது.

28ஆம் தேதி கல்யாணம். முடிந்ததும் அக்கா இருந்த அதே வீட்டுக்குப் போகிறோம். லூர்துராணி அக்காவை மாற்றச் சொல்லி மனு எழுதிப் போட்டிருக்கிறார்கள், அவர் விலாசத்துக்கு எழுத வேண்டாம். இனி எனக்கு எழுதினால் மாமா வீட்டுக்குத்தான் வரும், அவர்தான் பிரிப்பார்.

தங்கள் மாணவி,
பொன்னுத்தாய்


கே.கே. நகர்
27-7-1985

திருமதி பொன்னுத்தாய் பிச்சமுத்துவுக்கு,

இதை உனக்கு முன்னால் பிரித்து வாசிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆகையால் முதலில் அவருக்கு எழுதுகிறேன்.

திரு. பிச்சமுத்து அவர்களே, மே மாதம் உங்கள் மாமனாருக்கு நான் எழுதியதன் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. நீங்கள் அன்று வாசித்தது அதில் இல்லை. பொன்னுத்தாய் எனக்கு எழுதிய கடிதங்களும் தபால் முத்திரையோடு இருக்கின்றன. எல்லாம் ஒரே உறையில், என் தம்பி வக்கீல் அற்புதசாமியின் அலமாரியில். உங்கள் மேல் நான் குற்றம் சாட்டவில்லை. நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கோ குழந்தைக்கோ அடுப்படியிலோ கிணற்றடியிலோ ஏதாவது நேர்ந்தால், அந்த உறை அன்றைக்கே போலீஸுக்குப் போகும். இதைச் சொல்லத்தான் இந்தப் பத்தி. மேற்கொண்டும் வாசிக்கலாம், உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.

பொன்னுத்தாய், கல்லூரியில் விளையாட்டை முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள். என் வீட்டில் தடை இல்லை. கதையின் அடுத்த பகுதி மாதம் ஒருமுறை உன் கையெழுத்தில் எனக்கு வர வேண்டும். குழந்தை என்ன சொன்னது, என்ன சாப்பிட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். வேறு யாரும் சொல்லி நீ எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். ஒருத்தியின் விடைத்தாளை இன்னொருத்தி எழுதினால் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

வழிப்போக்கர் இப்போது செய்வது: வீட்டுக்காரரிடம் போகவில்லை. முற்றத்தில் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போவதாக இல்லை.

கொட்டையை உருட்டிப் பார்த்து எழுது. ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். வராவிட்டால் நானே அங்கே வர, பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எம். ரோசரி