கிணற்றில் போட்ட பொம்மை

பிலோமி அப்பாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பெரம்பலூரிலிருந்து உங்கள் அண்ணன் வந்தால், உறியில் முட்டை இருக்கிறது. பிள்ளையோடு திருச்சி ரயிலுக்குப் போகிறேன், டாக்டரம்மாவைப் பார்க்க.

பிலோமியின் பொம்மையைக் கிணற்றில் போட்டது நீங்கள்தான் என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் சொன்னாள். போட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டு நாளாக எங்களோடு சேர்ந்து நீங்களும் தேடினீர்களே.

"தம்பியப் பொதைக்கிற மாதிரியே திரும்பத் திரும்ப வெளையாடுவா. பாக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். நிறுத்தாதீங்க, ஏன்னு கேக்காதீங்க. தானா ஒருநாள் விட்டுடுவா" என்று டாக்டரம்மா சொன்னார். "நான் வாயே தொறக்க மாட்டேங்க" என்று தலையாட்டினீர்கள். தம்பி இறந்ததிலிருந்து பேசாதவள், பொம்மைக்கு மண் போட்ட அன்றுதான் பேசினாள். நீங்களும் பார்த்தீர்கள். "இந்த வெளையாட்டு வூட்டுக்கு ஆகாதுடா" என்று உங்கள் அம்மா சொன்னதும் உங்களுக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பிலோமி அம்மா

சாவி கொளஞ்சியம்மாளிடம்.

உங்கள் கைக்குட்டையைத் தேட வேண்டாம். காலையில் பிலோமி அதைத் தலை மாதிரி முடிச்சுப் போட்டு, கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தாள். "அப்பாகிட்டச் சொல்லாதம்மா" என்றாள். பொம்மை போன பிறகு அவள் பேசியது அது ஒன்றுதான். நீங்கள் தெரியாமல் தோண்டிவிடுவீர்களோ என்று பயந்து நானும் சொல்லிவிட்டேன். தோண்டாதீர்கள்.