துறைக்கு வந்த மீனில் சினை இல்லை

மார்ச் 3

ஆணை வந்துவிட்டது. இன்றிலிருந்து நான்கு மாதத்துக்கு ஏரியின் கோரைக்கரையில் யாரும் வலை போடக் கூடாது. முதல் வரியே "ஆய்வு நிலையத்தின் மூன்றாண்டு ஆய்வின் அடிப்படையில்" என்று தொடங்குகிறது. அந்த மூன்றாண்டு ஆய்வு நான்தான். எத்தனை மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சினை மீன் அத்தனையும் கோரைக்கரைக்காரர்கள் பிடித்தவை. எதிர்க்கரைப் படகுத்துறையில் இறங்குகிற மீனில் சினை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. மீன் முட்டையிடும் இடத்தை மூடிவைத்தால் சில வருடங்களில் ஏரி தேறிவிடும், இரண்டு கரைக்கும் பங்கு இருக்கும். அதைத்தான் எழுதினேன்.

நிலைய இயக்குநர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கை பைக்குள் போனதை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறோம்.

ஏரிக் காவல் படகுக்குத் தம்பிதான் பொறுப்பு. சாப்பிடும்போது சொன்னான்: "நீ எழுதுற, நான் அடிக்கிறேன். நல்ல குடும்பத் தொழில்க்கா." அம்மா கரண்டியால் அவன் தலையில் ஒன்று போட்டாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 9

கோரைக்கரையில் வலைகளைக் கொளுத்தினார்கள். தடை எல்லையைக் காட்டுவதற்காக நானும் போயிருந்தேன்.

அங்கே யாருக்கும் படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவலை போடுகிறவர்கள். ஆணை வந்த பிறகும் போட்டிருக்கிறார்கள், உண்மைதான். தம்பியின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து வலைகளை இழுத்துவந்து குவித்து பெட்ரோல் ஊற்றினார்கள். நைலான் உருகிச் சொட்டியது. ஒரு பெரியவர் நெருப்புக்குள் கையைவிட்டுத் தன் வலையை இழுத்தார். நைலான் கையில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவர் கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் கத்தினார்கள்.

அந்தக் கரைக்காக எப்போதும் பேசுகிறவனை எல்லோரும் நெட்டையன் என்றே கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் இருப்பான். என் முன்னால் வந்து நின்றான்.

"டாக்டரம்மா, மூணு வருசமா நீங்க கேட்டப்பெல்லாம் மீன் குடுத்தோம். ஒரு நாள் இல்லைன்னு சொல்லியிருப்போமா?"

அவன் மனைவி முன்னால் வந்தாள். என் காலடியில் துப்பினாள். எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓங்கி ஒன்று விட்டிருப்பேன், கையில் அளவுகோல் இருந்ததால் விடவில்லை.

மார்ச் 10

டீயில் இரண்டு முறை சர்க்கரை போட்டேன். முடியில் இன்னும் அந்தக் கருகல் நாற்றம்.

மார்ச் 16

கோரைக்கரையிலிருந்து கூட்டமாக வந்தார்கள். நிலையத்துக்குள் கல் வந்தது. ஜன்னல் போனது, அடுத்து மீன் ஜாடிகள் இருந்த அலமாரி. தரை முழுக்க ஃபார்மலின், கண்ணாடி, மீன். கண் எரிச்சலோடு வாசலைத் தேடி ஓடியபோது ஒரு கல் என் நெற்றியில் விழுந்தது. ரத்தம் இமையில் இறங்கி ஒரு கண் மறைந்துவிட்டது. மற்ற கண்ணால் பார்த்தேன், நிலையத்துக் காவலாளியைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை மூடிக்கொண்டு, "நான் வாசக் கேட்டு திறக்கிறவன்யா, நான் கேட்டு திறக்கிறவன்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விலா எலும்பு உடைந்திருக்கிறது.

எனக்குத் தையல் போட்டார்கள். அம்மா, "கல்யாணம் பண்ணிக்கடின்னேன், மீனைக் கட்டிக்கிட்ட" என்று திட்டிவிட்டு அழுதாள்.

தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் நெற்றிக் கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். அவன் கத்தினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

மார்ச் 17

அந்தக் கரையையே கொளுத்த வேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரும் இல்லை, நான்தான் நினைத்தேன்.

மார்ச் 18

நெட்டையன்மேல் காவல் படகு ஏறிவிட்டது. காலையில் கோரைக்குள் வலையோடு நின்றிருக்கிறான். எஞ்சின் விசிறி தொடையை அரைத்துவிட்டதாம். தண்ணீரிலிருந்து தூக்கியபோது கால் தனியாகத் தொங்கியதாம். படகை ஓட்டியது தம்பி.

"ஆள் நின்னது தெரியலக்கா. கோரை உசரமா இருந்துச்சு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோரை என் தோள் உயரம்தான். குனிந்து வலையை இழுத்திருப்பான். ஆமாம், குனிந்துதான் இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 20

நெட்டையன் செத்துவிட்டான்.

மார்ச் 22

நேற்று காவல் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார்கள். தம்பியைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். அவன் அங்கே இல்லை, அவனுடைய கூட்டாளிக் காவலர் மாட்டிக்கொண்டார். "இந்தக் கைதான கொளுத்துச்சு" என்று சொல்லி இரண்டு முழங்கையையும் துடுப்பால் அடித்து உடைத்திருக்கிறார்கள். இன்று அதற்குப் பதில் சொல்ல எதிர்க்கரைப் படகுக்காரர்கள் இரும்புக் கம்பிகளோடு கோரைக்கரைக்குப் போனார்கள். கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பெண்ணின் தாடை உடைந்தது. குழந்தைகள் தண்ணீருக்குள் ஓடி நின்றுகொண்டார்களாம், கரையைவிட அங்கேதான் பாதுகாப்பு என்று.

இயக்குநர் தொலைபேசியில் சொன்னார்: "நம்ம வேலை ஆராய்ச்சியோட முடிஞ்சுது." முடிந்ததா? எங்கே முடிந்தது, எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். சரி சார் என்று போனை வைத்தேன்.

மார்ச் 25

இலாகா விசாரணை முடிந்துவிட்டது. தடை செய்த இடம், தடையை மீறிய ஆள், கடமையில் நேர்ந்த விபத்து. தம்பிமேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மா அவனுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் சொன்னான்.

"தெரிஞ்சுதுக்கா."

"என்ன தெரிஞ்சுது?"

"அவன் நிக்கிறது. திரும்பிப் பாத்தான். கையைத் தூக்கினான். உன் மண்டையில கட்டு, அதுதான் என் கண்ணுல நின்னுச்சு. வேகத்தைக் குறைக்கல."

அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

இதை யாரிடம் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? என் கூடப் பிறந்தவன். எனக்காகத்தான் செஞ்சான். எனக்காக யாருடா செய்யச் சொன்னது உன்னை.

மார்ச் 28

படகுச் சங்கத் தலைவர் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். நடு ஏரியில் ஆய்வுக்குத் தண்ணீர் சாம்பிள் எடுக்க வேண்டும் என்றதும் தன் படகையே கொடுத்தார். "எங்க உசுரைக் காப்பாத்தினவங்க, ஏறுங்க டாக்டரம்மா."

நடு ஏரியில் கல்திட்டு ஒன்று முங்கிக் கிடக்கிறது. அங்கே வலையைத் தூக்கினார்கள். மீன் விழுந்ததும் நான்கு பேர் உட்கார்ந்து கத்தியை எடுத்தார்கள். வயிற்றைக் கீறி, குடலை வழித்து, தண்ணீரில் வீசிவிட்டு, ஐஸ் பெட்டியில் போட்டார்கள். ஐஸ் கம்பெனி சுத்தம் செய்த மீனைத்தான் எடுக்கும். இது எனக்கு எப்போதும் தெரியும். துறைக்கு மீன் அப்படித்தான் வரும்.

இன்று அவர்கள் வழித்து வீசியதைப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகச் சினை. கை கையாக. ஒரு மீன் விட்டு ஒரு மீன் சினை. படகுப் பலகையெல்லாம் வழுக்கியது. பறவைகள் தண்ணீரில் அடித்துக்கொண்டன.

துறைக்கு வரும் மீனின் வயிற்றில் ஒன்றும் இருக்காது. அதனால் "சினை இல்லை" என்று குறித்தோம். மூன்று வருடம், ஒவ்வொரு மீனுக்கும். "தெரியாது" என்றல்லவா குறித்திருக்க வேண்டும்? மீன் கோரையில் முட்டையிடும் என்று படித்திருந்தேன், கணக்கும் அதையே சொன்னது, அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. கோரைக்கரைக்காரர்கள் மீனைக் கிழிக்காமல் முழுசாகக் கொடுத்தார்கள். நான் கேட்டதால் கொடுத்தார்கள். முழுசாகக் கொடுத்தவன் மாட்டிக்கொண்டான்.

கத்தி வைத்திருந்த ஒருவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா சொல்லல, ஏன்டா ஒருத்தனும் சொல்லல." அவன் விழித்தான். "நீங்க கேக்கலயே" என்றான்.

மார்ச் 29

இயக்குநரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"தடையை எதிர்த்து கோரைக்கரைக்காரங்க மனு போட்டிருக்காங்க. நாலாம் தேதி விசாரணை. நீ போயி, ஆய்வு சரின்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா. அடுத்த வருசம் திருத்திக்கலாம்."

"அடுத்த வருசத்துக்குள்ள எத்தனை பேர் சார்?"

"உன் தம்பியை நினைச்சுப் பாத்தியா? ஆணை சரியா இருக்கிற வரைக்கும் அவன் கடமையைச் செஞ்சவன். ஆணை தப்புன்னா அவன் யாரு?"

மேஜையில் இருந்த அளவுக் குடுவையை எடுத்து அவர்மேல் வீசி அடித்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் சுவரில் பட்டு உடைந்தது. குறி தவறியதில் எனக்கு வருத்தம் இருந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 2

தம்பியிடம் சினையைப் பற்றிச் சொன்னேன். நாலாம் தேதி என்ன சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னேன். நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆமாம்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஏப்ரல் 5

நேற்று எழுத முடியவில்லை.

மண்டபத்தில் இரண்டு கரையும் இருந்தது, நடுவில் போலீஸ். விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சொன்னேன். வெட்டிப் போட்ட மீனின் வயிற்றைப் பார்த்து ஏரியைப் பற்றி முடிவு கட்டிவிட்டேன் என்று சொன்னேன். நடு ஏரியில்தான் சினை கொட்டிக் கிடக்கிறது, ஒரு கரையை மட்டும் மூட என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்றேன். மூடினால் ஏரி முழுவதையும் மூட வேண்டும், இரண்டு கரைக்கும் பட்டினி இல்லாமல் வழி செய்துவிட்டு.

நெட்டையனின் மனைவி எழுந்தாள்.

"அப்ப அவரு நின்ன இடத்துல நிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"நிக்கலாம்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் யார் முதலில் நாற்காலியைத் தூக்கினார்கள் என்று தெரியாது. படகுக்காரர்கள் என்மேல் பாய்ந்தார்கள். யாரோ முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். முதுகில் உதை. அந்தச் சங்கத் தலைவர், என்னை உசுரைக் காப்பாத்தினவங்க என்று சொன்னவர், நாற்காலிக் காலால் என் கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பின்வரிசையில் இருந்த தம்பி ஓடிவந்து என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். மிச்ச அடியெல்லாம் அவன் வாங்கினான். திருப்பி அடிக்கவில்லை. அவனா? ஒரு வார்த்தைக்கு இரண்டு பல்லைக் கழற்றுகிறவன்.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, உடைந்த உதட்டோடு சொன்னான். "நீ உன்னோடதைச் சொல்லிட்ட. என்னோடது பாக்கி இருக்கு." எழுந்து வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போனான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பானோ என்று இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிற்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அதுதான் நிஜம்.

ஜூலை 19

அம்மா வாரா வாரம் சிறைக்குப் போகிறாள், என்னைக் கூட்டிப் போவதில்லை. இன்று திரும்பி வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அக்காவை இப்ப வர வேணாம்னு சொன்னான். கோவம் இல்லையாம். உன்னைப் பாத்தா அழுதுருவானாம்."

ஏப்ரலுக்குப் பிறகு அம்மா என்னிடம் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது இன்றுதான்.

மார்ச் 11

வலைகளைக் கொளுத்தி ஒரு வருடமாகிவிட்டது. இந்த வருடம் ஏரி முழுவதும் மூடியிருக்கிறது, கோரையும் கல்திட்டும். இரண்டு கரைக்கும் அரிசி போகிறது, தாமதமாகத்தான் போகிறது. மீனை முழுசாகத்தான் துறையில் இறக்க வேண்டும் என்று ஐஸ் கம்பெனியையும் சம்மதிக்க வைத்தாயிற்று. சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. போன வாரம்கூட ஒரு படகின் அடியில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆனால் காவலுக்கு இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். சீருடை இல்லை, எஞ்சின் இல்லை. பரிசல்தான்.

இன்று தண்ணீர் சாம்பிள் எடுக்கத் தனியாகப் போனேன். முறிந்த கை சரியாகச் சேரவில்லை, துடுப்பு போட நேரமாகிறது. கோரை தொடங்கும் இடத்தில் ஒரு பரிசல் குறுக்கே வந்து நின்றது. நெட்டையனின் மனைவி.

"சீட்டு இருக்கா?"

காவல் குழுவின் அனுமதிச் சீட்டைக் கேட்டாள். விதியை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. எனக்கும் அது உண்டு என்று தோன்றவே இல்லை.

"இல்லம்மா. ஆராய்ச்சிக்குத்தான்..."

"யாரா இருந்தாலும் சீட்டு வேணும். திருப்புங்க."

குரலில் கோபம் இல்லை. என்னைப் பழக்கமானவளாகவும் அவள் பார்க்கவில்லை. அவள் கழியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

திருப்பினேன். நாளைக் காலை குழு அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும்.