வெடி ஐந்து

தை 9, செவ்வாய்
காலையிலிருந்து மழை. வாவி தெருவரை வந்துவிட்டது. போர்வைக்குள் டோர்ச். வெளிச்சம் தெரிந்தால் அம்மா கொன்றுவிடுவா.

ஷெல் விழுந்த பள்ளி நூலகத்தில் தப்பிய கதைப் புத்தகங்கள் மூன்று, பாடப் புத்தகம் ஒன்று. எதற்கும் அட்டை இல்லை, பெயர் நாங்கள் வைத்ததுதான். வகுப்பில் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று நானும் வசந்தியும் பட்டியல் போட்டோம். எத்தனை தரம் வெடித்துச் சிரித்தோமோ, அத்தனை வெடி.

பொலிஸ் வீட்டில் கள்ளன் – வெடி 5.
பேய்க்குப் பல்வலி – வெடி 3.
கப்பல் கதை – வெடி 1. கடைசிப் பக்கங்கள் இல்லை. முடிவை வசந்தி எழுதி ஒட்டினாள். எல்லாருக்கும் கல்யாணம்!
நட்சத்திரப் புத்தகம் – வெடி இல்லை. ஆனால் கட்டாயம். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு மட்டும் மேலே பார்த்தவள், இப்போது வெள்ளி தேடுகிறேன்.

தை 11, வியாழன்
செங்கலடி பஸ். செக்பொயின்ற்றில் எல்லாரும் இறங்கி வரிசை. என் பையில் பட்டியலும் கள்ளன் கதையும். ஆமிக்காரன் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசித்தான். விரல் ஒரே சொல்லில் நின்றது.

"வெடி அஞ்சு? எங்க வெடி?"

வசந்தி அழுகை. பின்னாலிருந்து கொண்டக்டர் நானா, ஓட்டமாவடிக்காரர், பஸ்ஸில் நாங்கள் வாசித்துச் சிரித்ததைக் கேட்டவர்:

"சிரிப்பு மாத்தையா, சிரிப்பு! தங்கச்சி, அந்தக் கதைய எடுத்து வாசிங்க. நான் சிங்களத்தில சொல்றன்."

கள்ளன் பொலிஸ்காரரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓட, வீட்டு நாய் எழுந்து சல்யூட் அடிக்கும் இடம். அழுகைக் குரலில் வாசித்தேன். வரிசையில் நின்ற மீன்காரி அக்காதான் முதலில் சிரித்தா. பிறகு வரிசை முழுக்க. ஆமிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். பட்டியல் திரும்பி வந்தது.

பஸ்ஸில் நானா: "நாளைக்கு அந்தப் பொத்தகத்த எனக்குத் தாங்க. அந்த நாய்க்கு மறுகா என்ன ஆச்சி?"

தை 12, வெள்ளி
வெயில். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஒனக்கு வேற சொல்லே கிடைக்கல்லயாகா? அடுப்புல போடு!"

போட்டேன். பள்ளியில் புதுப் பட்டியல். வெடிக்குப் பதில் நண்டு.

வசந்தி: "நண்டுக்கும் சிரிப்புக்கும் என்னகா?"
"நண்டெண்டா ஆரும் பிடிக்க மாட்டாங்க."
"நண்டத்தானேகா எல்லாரும் பிடிக்கிற!"

கள்ளன் கதை நானாவிடம் போயாயிற்று. அடுத்தது மீன்காரி அக்கா.

பின்னேரம் அதே செக்பொயின்ற், அதே ஆமிக்காரன். பையைத் திறந்து பிடித்தேன். அவன் பார்க்கவில்லை. சுற்றிவரப் பார்த்துவிட்டு, நாக்கை வெளியே தொங்கப்போட்டு எனக்கு ஒரு சல்யூட்.

பஸ் ஏறும்வரை சிரிப்பை அடக்கினேன். இப்போது போர்வைக்குள் முடியவில்லை.

கள்ளன் கதை – வெடி 6.
ஐயோ. நண்டு 6.