மாஸ்க்கைக் கழற்றிய காகிதம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

அம்மா நலம். மாடிப்படி ஏறாதே என்றால் மட்டும் கேட்பதில்லை. உன் போனை நான் எடுக்காதது கோபத்தால்தான். வேறு காரணம் தேடாதே.

அன்று அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்ததும், ஆம்புலன்ஸில் இருந்த உதவியாளரை நகரச் சொல்லிவிட்டு நானே ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினேன். முப்பத்தொரு வருடம் அதே வேலை பார்த்த கை. அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், அம்மாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றினாள். "ரத்தத்துல ஆக்ஸிஜன் தொண்ணூத்தேழு இருக்குங்கய்யா, இது வேண்டாம்" என்றாள். "நெஞ்சு வலிக்காரிகிட்ட மூச்சுக்காத்தைப் பிடுங்குறியே, எங்கேம்மா படிச்சே?" என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. யாருக்கு ஆக்ஸிஜன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைக் காகிதத்தைக் காட்டி, "இங்கதான்" என்றாள். அதைத் தயாரித்த டாக்டர்கள் வரிசையில் உன் பெயர்! அத்தனை பேர் முன்னால் என் வாயை அடைத்தது என் மகள் பெயர். அப்பாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த டாக்டரம்மாவிடமே உன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கேட்டு வாங்கி, அகராதியும் கையுமாகப் பதினொரு நாள் படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். எங்காவது இடறியிருப்பாய் என்று அட்டவணைகளைப் பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ஆக்ஸிஜன் அளவு குறைந்தவருக்குக் கட்டாயம் கொடு என்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்கிறாய். அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவோ, "மாஸ்க்கை எடுத்தப்புறம்தான் இவரு என் கையைப் பிடிச்சாரு. அதுவரைக்கும் சிலிண்டரைத்தான் பிடிச்சிருந்தாரு" என்று பார்க்க வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். உன் பெரியப்பாவையும் நெஞ்சு வலியோடு நான்தான் வண்டியில் ஏற்றிப் போனேன். அளவு பார்க்கும் கருவி அப்போது எங்களிடம் கிடையாது. மாஸ்க்கை மாட்டி, சிலிண்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். "மூச்சு நல்லாத்தான் இருக்குடா, இதை எடு" என்று இரண்டு முறை சொன்னார். நான் எடுக்கவில்லை. வழியிலேயே போய்விட்டார்.

அதற்கு உன் காகிதம் என்ன சொல்கிறது என்று எழுதி அனுப்பாதே. போனிலும் சொல்லாதே. விடுப்பு எடுத்துக்கொண்டு வா. என் எதிரில் உட்கார்ந்து சொல். கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டவர்கள் எல்லாம் பிழைக்கட்டும்.

உன் அப்பா